மறுபடி எப்போது வருவீர்கள்?

முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, முதியோர் நாள் விழா இது. உங்களைப் பற்றித்தான் பேசவேண்டும். ஆனால் என் மனமெல்லாம் அதோ, கடைசி வரிசையில் நாற்காலி எடுத்துப்போட்டுக்கொண்டிருக்கிறார்களே, ஐம்பதை எட்டிப்பார்க்கிற அந்தப் பிள்ளைகள்மேல்தான் இருக்கிறது.

2036-இல் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியிருப்பார் என்கிறது மக்கள்தொகைக் கணிப்பு. அந்த ஒருவர், கடைசி வரிசையில் நிற்கும் இவர்தான். இவருடைய முதுமை உங்களுடையதைப்போல் இருக்காது. உங்களுக்கு நான்கு பிள்ளைகள். இவருக்கு ஒன்று, அதுவும் எங்கோ தொலைவில். பலருக்கு ஓய்வூதியம் கிடையாது. சர்க்கரைநோயோ நாற்பதுக்கு முன்பே வந்துவிட்டது. இப்படி முதுமை அடையும் உடம்பை, மனத்தை, எண்பது வயதில் மருத்துவமனைக்கு வந்தபிறகு ஆராய்ந்தால் போதுமா?

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்காம் என்று ஓர் ஊர். 1948-இல் தொடங்கி அங்கே 5,209 பேரைச் சேர்த்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே வந்தார்கள். வயதானால் இரத்த அழுத்தம் கூடத்தான் செய்யும், அது இயல்பு என்று மருத்துவர்களே நம்பிய காலம். அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் அந்த ஊர் மக்கள். இருபது ஆண்டு ஆனதும் அரசு கையை விரித்தது. ஆய்வை நடத்திய தாமஸ் தாபர் என்ற மருத்துவர் ஊர் ஊராக நன்கொடை கேட்டார்! ஆய்வு பிழைத்தது. 1971-இல் பிள்ளைகள் சேர்ந்தார்கள், 2002-இல் பேரப்பிள்ளைகள். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை எப்படி மூப்படைகிறது என்று உலகம் இன்று பார்க்கிறது.

நம்மிடமும் இப்படிப்பட்ட ஆய்வுக்கு விதை இருக்கிறது. 2017-18-இல் மும்பை மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், 45 வயதை எட்டியவர்களும் துணைவர்களுமாக 72,250 பேரை வீடுதேடிப் போய்ப் பார்த்தது. கைப்பிடி வலுவை அளந்தார்கள், நடக்கச் சொல்லி நேரம் குறித்தார்கள். கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் வட்டத்துக் கிராமத்து மக்களைப் பெங்களூரு மூளை ஆய்வு மையம் தொடர்ந்து பார்த்துவருகிறது. அதற்குக் கைகொடுப்பது தொழிலதிபர் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்து அறக்கட்டளை. கிண்டியில் முதியோருக்கென்றே 2024-இல் மருத்துவமனை திறந்தார்கள், பெருமகிழ்ச்சி. ஆனால் மருத்துவமனை, வந்த நோயைப் பார்க்கும். வரும் வழியைப் பார்க்க இருபது, முப்பது ஆண்டுப் பொறுமையும் அதற்கேற்ற பணமும் வேண்டும். மூன்றாண்டுத் திட்டமாக நிதி கொடுத்து, நான்காம் ஆண்டு ஆராய்ச்சியாளரை வீட்டுக்கு அனுப்பினால், முதல்முறை எடுத்த அளவே வீண்.

கும்பாபிஷேகத்துக்கும் கல்விக்கும் அள்ளிக்கொடுக்கும் பெருமக்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். இதற்கும் கொடுங்கள், பலனை உங்கள் காலத்தில் பார்க்கமாட்டீர்கள் என்று தெரிந்தே கொடுங்கள். அரசுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: இருபதாண்டுக்கான நிதியை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

கடைசி வரிசைத் தம்பிகளே, தங்கைகளே, ஒருநாள் உங்கள் வாசலுக்கும் இப்படி ஆய்வு செய்ய வருவார்கள். வேலை இருக்கிறதென்று கதவைச் சாத்தாதீர்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். கிளம்பும்போது நீங்கள் ஒன்று கேளுங்கள்: “மறுபடி எப்போது வருவீர்கள்?”