கருவிழியில் ஒரு மரக்கிளை

கண் சிவந்து, கூசி, நீர் வடிந்தால் நாமே ‘மெட்ராஸ் ஐ’ என்று தீர்ப்பு எழுதிவிட்டு, அலமாரியில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தைத் தேடுவோம். அதில் ஸ்டீராய்டு இருந்தால்தான் வம்பு. வந்திருப்பது ஹெர்பிஸ் வைரஸாகவும் இருக்கலாமே!

டாக்டர் ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார். ஹெர்பிஸ் என்றால், கருவிழியில் இலையுதிர்ந்த மரக்கிளை மாதிரி ஒரு புண் பச்சையாய் மின்னும். அப்போது ஸ்டீராய்டு மட்டும் விட்டால் கிளை பரந்து விரியும். அசைக்ளோவிர் களிம்பு போட்டால் வாடும். வழக்கமாக நாளைக்கு 5 முறை. அந்த மருந்து பிறந்த ஆய்வில் முக்கியப் பங்கு கெர்ட்ரூட் எலியன் அம்மையாருடையது. 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்.

புண் ஆறினாலும் வைரஸ் வீட்டைக் காலி செய்யாது. முகத்து நரம்பு முடிச்சில் படுத்துத் தூங்கும். திரும்பத் திரும்ப எழுந்து வந்தால், மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்து அடக்கி வைப்பார்கள்.