பாரம்பரியம் வேண்டும், ஆட்கள் வேண்டாம்



14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏலகிரிக்கு வந்திருக்கிறோம். இந்த மலையை விட்டு இறங்கி வேலூர்ப் பக்கம் போனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் வரிசையாக வரும். நம்மில் பலர் வீட்டில் உலை கொதிப்பது அந்த ஊர்களின் கூலியில்தான். என்னை வெப்சைட் வடிவமைப்புத் தொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உதவித்தொகையை நம்பி மாதத்தை ஓட்ட முடியாது என்பதால் இந்த வேலையும் செய்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படுவது, 'கிளையண்ட் கேட்டதைச் செய்துகொடு' என்பது. லோகோவைப் பெரிதாக்கச் சொன்னால் பெரிதாக்கலாம். நீலத்தைப் பச்சையாக்கலாம். காசும் அவருடையது, ரசனையும் அவருடையது. ஆனால் எல்லா எதிர்பார்ப்பும் ரசனை அல்ல.

தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்தேன். முகப்பில் 'தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன்' என்று போடச் சொன்னார்கள். அந்தக் கைகளையே படம் எடுக்கலாமே என்றேன். வெளிநாட்டு பையர் பார்க்கிற பக்கம், டேனரி படம் வேண்டாம் என்றார்கள். கடைசியில் இணையத்தில் காசு கொடுத்து ஒரு படம் வாங்கினார்கள். ஒரு வெள்ளைக்காரர், மரமேசை, கறை படாத ஏப்ரன்.

யாருடைய தலைமுறை அது? பச்சைத்தோலின் உப்பை உதறியவர்கள், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்கள், ஒட்டியிருந்த சதையைச் சுரண்டியவர்கள் யார்? இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும். ஷூ கம்பெனிகளில் பெருவாரியாகப் பெண்கள். தோலைத் தொட்டவரை ஊருக்கு வெளியே வைத்த சமூகம், இன்று அந்த உழைப்பைப் பாரம்பரியம் என்று விலை பேசுகிறது. தொட்டவரை மட்டும் படத்திலிருந்து அழிக்கச் சொல்கிறது. அழிக்கிற வேலை நம் கைக்கு வருகிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'கிளீன் டிசைன்'.

முகம் மட்டும் அழியவில்லை. பாலாற்றுப் பகுதித் தோல் கழிவு குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். ஆகவே 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று ஒரு பச்சை இலையை வரையச் சொல்லும் கிளையண்டிடம், எந்தச் சான்றிதழின் பேரில் என்று கேட்பதும் நம் வேலைதான்.

வேலையை உதறிவிட்டு வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நமக்கு வாடகை இருக்கிறது, தங்கையின் படிப்பு இருக்கிறது. வேலை தொடங்கும் முன் எழுதி வாங்குங்கள் என்கிறேன். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், எவ்வளவு முன்பணம். முன்பணம் கையில் இருந்தால்தான் பேச வாய் வரும். அதோடு இரண்டு நிபந்தனைகளைச் சேருங்கள்: உழைப்பைக் காட்டும் படங்கள் அங்கே உழைப்பவர்களின் சம்மதத்தோடு அங்கேயே எடுக்கப்படும், ஆதாரம் இல்லாத எதையும் எழுத மாட்டோம்.

சம்மதம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சில தொழிலாளர்கள் படம் வேண்டாம் என்பார்கள். டேனரி வேலை என்று தெரிந்தால் பெண் தர மாட்டார்கள், வாடகைக்கு வீடு தர மாட்டார்கள் என்ற பயம் அது. அந்த மறுப்பை மதியுங்கள். முதலாளியின் மறுப்பும் அதுவும் ஒன்றல்ல.

இந்த நிபந்தனைகளால் எனக்கு இரண்டு வேலைகள் போயின. ஒரு சிறிய செருப்புக் கடைக்காரர் மட்டும் ஒத்துக்கொண்டார். அவருடைய தளத்தில் தைக்கும் பெண்கள் தங்கள் பெயரோடு இருக்கிறார்கள், அவர்களே விரும்பிக் கொடுத்த பெயர்கள். காசுக் கணக்கில் எனக்கு நஷ்டம்தான்.

ஒருவர் மட்டும் கேட்டால், கிளையண்ட் அடுத்த டிசைனரிடம் போய்விடுவார். அந்த அடுத்த டிசைனர் இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரும் இதையே எழுதிக் கேட்டால், கிளையண்ட் எங்கே போவார்?