பறங்கியர் கோட்டைக்குப் போன வழி



வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்து ராஜகிரியவுக்குப் போகச் சொல்கிறீர்கள். வண்டி நேரே போகாமல் கண்ட கண்ட ஒழுங்கைகளுக்குள்ளால் சுற்றுகிறது. மீற்றரும் கூடவே ஏறுகிறது. பக்கத்தில் சிங்கள நண்பர் ஒருவர் இருந்தால் சிரித்துக்கொண்டு சொல்வார்: ‘பரங்கியா கோட்டே கியா வகே.’ பறங்கியன் கோட்டைக்குப் போன மாதிரி. இங்கே கோட்டை என்றது அன்றைய தலைநகரான கோட்டே நகரை.

பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், இங்கு வந்ததே வழி தவறித்தான். இந்தியாவில் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியாக இருந்த பிரான்சிஸ்கோ த அல்மெய்தா, மாலைதீவுப் பக்கமாகப் போகும் முஸ்லிம் வணிகரின் கப்பல்களை மறிக்கத் தன் மகன் லொரென்சோவை அனுப்பினார். காற்றும் நீரோட்டமும் மகனை இலங்கைக் கரையில் கொண்டுவந்து தள்ளின. அது 1505ஆம் ஆண்டு என்பது பொதுவான கணக்கு. 1506 என்போரும் உண்டு.

கொழும்புத் துறைமுகத்தில் அவர்களைக் கண்டவர்கள் கோட்டை அரசருக்குச் சொன்ன செய்தி ‘ராஜாவலிய’ என்ற சிங்கள வரலாற்று நூலில் இருக்கிறது: வெள்ளை நிறத்தவர், இரும்புச் சட்டை போட்டவர், ஓரிடத்தில் நில்லாதவர், கல்லைத் தின்று இரத்தம் குடிப்பவர். கல் என்றது பாணை, இரத்தம் என்றது வைனை. அந்தக் கல்லைத்தான் இன்று காலையிலும் சம்பலோடு சாப்பிட்டிருப்பீர்கள்.

போர்த்துக்கேயரின் தூதர்களை அரசரிடம் அழைத்துப் போனவர்கள் கெட்டிக்காரர்கள். கொழும்பிலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர்தான். ஆனால் காடு, மேடு, ஆறு என்று மூன்று நாள் சுற்றவைத்தார்களாம். தலைநகர் தொலைவில் இருக்கிறது என்று வந்தவர்கள் நம்பவேண்டும்.

அவர்கள் நம்பினார்களா? போர்த்துக்கேயர் பக்கத்துக் கதை வேறு. கப்பலில் மணற்கடிகாரத்தைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் பீரங்கி வெடித்ததாம். வெடிச்சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்ததால், தாங்கள் கொழும்பைத் தாண்டி அவ்வளவு தூரம் போகவில்லை என்று தூதர்களுக்கு விளங்கிவிட்டதாம். எனக்கென்னவோ இந்தக் கதையில்தான் கூடுதல் சுவை. பழமொழியில் பறங்கியன் ஏமாந்தவன். இதிலோ ஏமாந்ததுபோல் நடித்தவன்.

போர்த்துக்கேய மொழியில் ‘விரார்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. கப்பலின் முகத்தைத் திருப்புவதும் விரார், மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்பதும் விரார். ஓர் ஆள் வேறோர் ஆளாக ஆவதற்கும் இன்று அதையே சொல்கிறார்கள். போர்த்துக்கேய-ஆங்கில அகராதி இவற்றுக்கு ‘டேர்ண்’, ‘டேர்ண் ஓவர்’, ‘பிகம்’ என்று தனித்தனியாகப் பொருள் எழுதும். கோட்டைக் கதைக்கு மூன்றும் வேண்டும். கப்பல் திசைமாறியதையும் கடிகாரம் கவிழ்ந்ததையும் பார்த்தோம்; ஆள் மாறியது பிறகு நடந்தது. 1518இல் கொழும்பில் பறங்கியரின் கோட்டை எழும்பியது. 1557இல் கோட்டை அரசர் தர்மபால ஞானஸ்நானம் பெற்று தொம் ஜுவான் ஆனார்.

1565இல் பறங்கியர் கோட்டை நகரைக் கைவிட்டு, அரசரையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தார்கள். அந்தப் பயணத்துக்கு எத்தனை நாள் எடுத்தது என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.