கோடு கிழித்தோர் செய்த பிழை
(திருத்தணிகைப் பொழிவின் எழுத்து வடிவம்)



தணிகை மலைக்கு 365 படிகள். ஆங்கிலப் புத்தாண்டு நாளில் வெள்ளை அதிகாரிகளின் வாயிலிற் கையுறையுடன் காத்துக்கிடந்த மக்களை வள்ளிமலை அடிகளார் மலைமேல் திருப்பிவிட்டார். அதனாலேயே படித் திருவிழா எழுந்தது என்பது இவ்வூரில் வழிவழி வரும் செய்தி. அத்தகைய ஊரில், வெள்ளையர் செய்த பிழைகளுள் பெரும்பிழை எதுவென ஆராய்வது பொருத்தமே.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தைச் சிலர் சுட்டுவர். வெள்ளையராட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. ஆயினும் அதனைப் பிழை என்றல் பொருந்தாது. 1874இல் பீகாரில் பஞ்சம் தோன்றியபோது, இரிச்சர்டு தெம்பிள் பருமாவினின்று அரிசி தருவித்து உயிர்களைக் காத்தார். செலவு மிகுந்ததென்று பழிக்கவும் பட்டார். அவரே 1877இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, பஞ்சப் பணியாளரின் நாட்கூலித் தவசத்தை ஓர் இராத்தலாகக் குறைத்தார். காக்கும் வழி அறிந்திருந்தும் காவாது விடுவது பிழையன்று, குற்றம்! 1919 ஏப்பிரல் 13இல், வெளியேற வழியின்றி நின்ற மக்களைச் சாலியன்வாலாவிற் சுட்டு வீழ்த்தியதும் குற்றமே.

பிழையோ, அறியாமையாலும் கருதாமையாலும் வருவது. அவ்வகையில் வெள்ளையர் செய்த பெரும்பிழை, மக்களைக் கேளாமல் மண்ணிற் கோடு கிழித்ததே.

ஈழத்தில் 1833இல் தமிழர் வாழிடத்தையும் சிங்களர் வாழிடத்தையும் ஒரே ஆட்சியமைப்புக்குள் அடக்கினர். 1948இல் தமிழர்க்குப் போதிய காப்பின்றி ஆட்சியை ஒப்படைத்து அகன்றனர். அவ்வாண்டிலேயே மலையகத் தமிழர் பல இலக்கம்பேர் குடியுரிமை இழந்தனர். 1947இல், அதற்குமுன் இந்தியாவையே கண்டிராத இராட்கிளிப், ஐந்தே கிழமைகளிற் பஞ்சாபையும் வங்கத்தையும் பிளந்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்து பெயர்ந்தனர்.

இவ்வூரின் கதையும் அதுவே. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தனர். வரி தண்டலும் ஆளும் எளிமையும் கருதிய கோடு அது. மக்கள் வீட்டிற் பேசும் மொழி அங்கே பொருட்டாகவில்லை. இருபுறமும் ஒரே மாகாணமாய் இருந்தமையால் அன்று தீங்கு புலப்படவில்லை. 1953 அக்தோபர் 1இல் ஆந்திரம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு தணிகையும் சேர்ந்து போயிற்று!

ஊரூராய்ச் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரும், ம. பொ. சிவஞானமும் வடவெல்லைப் போரை நடத்தினர். மக்கள் மறியல் செய்தனர்; சிறை புகுந்தனர். பின்னர்ப் படாசுகர், ஊர்வாரியாக மொழிக்கணக்கும் நிலத்தொடர்ச்சியும் நோக்கித் தீர்ப்பளித்தார். 1960 ஏப்பிரல் 1இல் தணிகை மீண்டது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று. சித்தூரும் திருப்பதியும் மீளவில்லை.

“வெள்ளையர் போய்விட்ட பின்னும் அவர்மேற் பழி சுமத்துவதா?” என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் நேர்மை உண்டு. கோடு கிழித்தவர் பிழை ஒரு பங்கெனின், அக்கோட்டை ஆராயாது ஏற்றவர் பிழை மறுபங்கு. ஊர்களை எண்ணிப் பார்க்கும் முறை 1953இலும் இயலாததன்று. அதனைச் செய்விக்க மக்கள் ஏழாண்டு போராட நேர்ந்ததே, அதுதான் வருத்தம்.

எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப்பள்ளி வேண்டும். இப்பால் வாழும் தெலுங்குக் குழந்தைக்கும் அதன் தாய்மொழி வேண்டும். தமக்கு வேண்டும் முறையைப் பிறர்க்கும் வழங்குவதே தமிழறம். மங்கலங்கிழார் முதலிற் கையிலெடுத்தது கொடியன்று, தமிழ்ச்சுவடியே. கோட்டினை மாற்ற இயலாதவிடத்தும் மொழியைக் காத்தல் இயலும். அப்பணிக்கு எழுக தமிழர்!