கூட்டுத் தண்ணீருக்கு யார் காவல்?

(கே.கே. நகரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றப்பட்ட உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



கோடை வந்தால் நம் தெருக்களில் போர் வண்டிச் சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் தண்ணீர் நின்றுவிட்டால் இன்னும் ஆழமாகப் போர் போடுகிறோம். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு மோட்டார் காற்றை இழுக்கிறது. இடமும் பணமும் நம்முடையவைதான். ஆனால் அடியில் இருக்கும் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்று.

இந்தச் சிக்கலை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பேராசிரியை. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஆளாளுக்கு நிலத்தடி நீரை உறிஞ்சியதால், கடலோரக் கிணறுகளில் உப்புநீர் புகுந்தது. நீர் எடுப்பவர்களே சங்கமாகக் கூடினார்கள். யார் எவ்வளவு எடுக்கிறார் என்று கணக்கெடுத்து, நீதிமன்றத்தின் மூலம் உடன்பாட்டுக்கு வந்து, எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். இதுதான் அவருடைய 1965ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு.

பொதுச்சொத்து என்றால் அரசு எடுத்து நடத்த வேண்டும், இல்லையேல் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று பலரும் சொல்லிவந்தார்கள். மக்களே கூடியும் காக்க முடியும் என்று பல நாட்டு அனுபவங்களைக் கொண்டு அவர் 1990இல் எழுதிய நூலில் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி ஆனார்.

அவர் ஆராய்ந்த ஊர்களில் ஒன்று ஸ்பெயினின் வலென்சியா. அங்குள்ள பாசனம் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வளர்ந்தது. வாய்க்காலுக்கு அவர்கள் இன்றும் சொல்லும் பெயர், 'ஸாகியா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. வியாழன்தோறும் நண்பகலில் விவசாயிகள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் கூடுகிறார்கள். வழக்கறிஞர் இல்லை, வாய்மொழியாகவே விசாரணை. அங்கேயே தீர்ப்பு.

நமக்கு இது புதிதல்ல. மேல் நிலத்துக்காரர் கணுக்கால் அளவு நீர் நிறுத்தியபின் கீழ் நிலத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை ஹதீஸ்களில் காண்கிறோம். நம் மதுரைச் சீமையிலும் மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால் கீழ் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். மடை திறந்து வயல்களுக்கு முறைவைத்துப் பாய்ச்ச ஊரே நீர்க்கட்டியை நியமிக்கும். அறுவடையில் அவருக்கு நெல் அளக்கும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 'வயலகம்' என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கங்களாகச் சேர்த்து வருவதும் இந்த வழியில்தான்.

கண்மாய்க்கு நீர்க்கட்டி உண்டு. வண்டியூர்க் கண்மாய்க்குப் பக்கத்தில் குடியிருக்கும் நம் போர்களுக்கு யார் நீர்க்கட்டி? ஒருவருமில்லை. ஆகவே நான்கு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, தெருவுக்கு ஒரு பயன்படாத போரைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை கயிற்றில் எடை கட்டி இறக்கி நீர்மட்டம் அளந்து, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதுவோம். அளக்காததைக் காக்க முடியாது.

இரண்டு, தெருக்கூட்டத்தில் வாடகைக் குடும்பங்களும் பெண்களும் கட்டாயம் இடம்பெறட்டும். தண்ணீர் நின்றால் முதலில் தவிப்பவர்கள் அவர்கள்தான். தீர்மானத்தில் இடமில்லாதவர் கட்டுப்பாட்டை மதிக்கமாட்டார் என்பது ஆஸ்ட்ரம் கண்ட உண்மை.

மூன்று, 2003இல் தமிழக அரசு கட்டாயமாக்கியபோது அமைத்த மழைநீர்க் குழாய்கள் பல வீடுகளில் அடைத்துக் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் இளைஞர்கள் சேர்ந்து தெருத்தெருவாகச் சுத்தம் செய்வோம்.

நான்கு, தொட்டி நிரம்பி வழிந்தால் முதலில் அன்பாகச் சொல்வோம். மீண்டும் நடந்தால் கூட்டத்தில் பேசுவோம். எடுத்த எடுப்பில் சண்டையும் வேண்டாம். கண்டும் காணாமல் இருப்பதும் வேண்டாம்.

ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கினார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். நம்மிடம் கிணறு வாங்கப் பணம் கேட்கவில்லை; அண்டை வீட்டாருக்கும் மிச்சம் வைக்கும் மனம் வந்தால் போதும். அதை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.