தப்பியவர்கள் எழுப்பிய நூதனசாலை



நூதனசாலை என்றதும் மன்னர்களின் முடியும் வாளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அரசாங்கம் கட்டுகிறது, நாம் பார்த்துத் திரும்புகிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட நூதனசாலையோ சாவின் வாயிலிருந்து மீண்ட மக்கள் தம் கையால் எழுப்பியது.

1942 யூலை 22 முதல் இரண்டு மாதங்களுக்குள் வார்சோ நகரின் யூதச் சேரியிலிருந்து ஏறத்தாழ 265,000 பேர் திரெபிளிங்கா கொலைக்களத்துக்கு ரயிலேற்றப்பட்டனர். எஞ்சியோரில் இளைஞர் சிலர் 1943 ஏப்ரல் 19 அன்று ஹிட்லரின் படையை எதிர்த்து ஆயுதம் ஏந்தினர். வெல்ல முடியாதென்பது அவர்களுக்கே தெரியும். அவ்வியக்கத்தின் தலைவர்களுள் உயிர்தப்பிய இட்சாக் சுக்கர்மன், சிவியா லுபெட்கின் ஆகியோரும் தோழர்களும் 1949 இல் இஸ்ரேலின் வடபகுதியில் கூட்டுப்பண்ணைக் கிராமம் ஒன்றை அமைத்தனர். அவ்வாண்டிலேயே நூதனசாலையும் தோன்றிவிட்டது. உணவுக்கே பங்கீடு நிலவிய காலம் அது! ஜெருசலேமில் அரசாங்கத்தின் யாத் வஷெம் நிலையத்துக்குச் சட்டம் பிறந்ததோ 1953 இல்.

அங்குள்ள பொருள்களுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். யாக்கூப் வியர்னிக் என்பவர் தச்சர். திரெபிளிங்காவில் கொலைக்கூடங்களை எழுப்பும் வேலையில் நாஸிகள் அவரைப் பலவந்தமாக ஈடுபடுத்தினர். 1943 ஓகஸ்ட் 2 அன்று கைதிகள் கிளர்ந்தெழுந்தபோது அவர் தப்பினார். நாஸிகள் அம்முகாமை இடித்து, நிலத்தை உழுது, பண்ணைவீடு ஒன்றையும் கட்டி வைத்தனர். தடயம் அழிந்தது என்று எண்ணினர் போலும்! அந்தத் தச்சரோ முகாமைச் சிற்றுருவாகச் செய்து இந்நூதனசாலைக்கு அளித்தார். நாஸிகள் இடித்தெறிந்ததை அவருடைய கை மறக்கவில்லை.

1961 இல் ஐக்மன் விசாரணையில் வியர்னிக், சுக்கர்மன், லுபெட்கின் மூவரும் சாட்சியம் அளித்தனர். ஐக்மன் அமர்ந்திருந்த கண்ணாடிக் கூண்டும் இங்கு வந்து சேர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. அக்கிராமம் எழுந்த நிலம் அல்-சுமைரியா என்னும் அரபுக் கிராமத்தினுடையது. 1948 போரில் அவ்வூரார் தம் இல்லங்களை இழந்தனர். ஒரு துயரைக் காக்கும் வீடு வேறொரு துயரின் மண்மீது நிற்கிறது. 1995 இல் யூத மாணவரையும் அரபு மாணவரையும் ஒருங்கே இருத்திக் கற்பிக்கும் நிலையமொன்றை இந்நூதனசாலை தொடங்கிற்று.