துருக்கி மிட்டாய்

மாவுச்சத்தையும் சர்க்கரையையும் சேர்த்துக் காய்ச்சி, சதுரம் சதுரமாக வெட்டி, மேலே சர்க்கரைப் பொடி தூவி விற்கிற ஒரு மிட்டாய் உண்டு. துருக்கியில் அதற்கு லோக்கும் என்று பெயர். டச்சுக்காரர்கள் 'துருக்கிப் பழம்' என்கிறார்கள்; அவர்கள் மொழியில் துர்க்ஸ் ஃப்ரௌட். பழத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாயில் போட்டால் பல்லுக்கு வேலை வைக்காது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த மிட்டாயின் பெயரில் 1973-ல் நெதர்லாந்தில் ஒரு காதல் படம் வந்தது. அன்று அந்த நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம். படத்துக்கு விற்ற டிக்கெட்டுகளோ 33 லட்சத்துக்கும் மேல். இரண்டு முறை, மூன்று முறை பார்த்தவர்களைக் கழித்துவிட்டாலும் தலை சுற்றுகிற கணக்குதான். எந்த டச்சுப் படமும் இன்றுவரை அதைத் தாண்டவில்லை.

இயக்கியவர் பால் வெர்ஹூவன். பின்னாளில் ஹாலிவுட்டுக்குப் போய் 'ரோபோகாப்' எடுத்தாரே, அவரேதான். லெய்டன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தவர். படை சேவைக் காலத்தில் ஆவணப்படம் எடுத்துக் கை பழகியவர். கதை, யான் வோல்கர்ஸ் எழுதி 1969-ல் வெளியான நாவல்.

அப்படி என்ன இருந்தது படத்தில்? கூட்டம் முதலில் எதற்கு வந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. திரையில் ஆணும் பெண்ணும் ஒளிவுமறைவின்றி ஆடையில்லாமல் வந்தார்கள். ஆனால் அந்தத் துணிச்சல் அங்கே ஏன் இவ்வளவு பெரிய விஷயமானது என்று புரிய, டச்சுக்காரர்கள் 'தூண்கள்' என்று சொல்லும் ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தோலிக்கர் ஒரு தூண், புராட்டஸ்டன்டுகள் ஒரு தூண், சோஷலிஸ்டுகள் ஒரு தூண். ஒவ்வொரு தூணுக்கும் தனிப் பள்ளிக்கூடம், தனிப் பத்திரிகை, தனித் தொழிற்சங்கம். வானொலியில் பேசுகிற நான் இதைச் சொல்லாமல் விட முடியுமா: வானொலி அமைப்புகூடத் தனித்தனி! கத்தோலிக்கர் வீட்டில் ஒரு குரல் கேட்கும், பக்கத்துப் புராட்டஸ்டன்ட் வீட்டில் வேறு குரல் கேட்கும். யாரோடு பழகலாம், யாரைக் கட்டலாம் என்பதும் பெரும்பாலும் தூணுக்குள்ளேயே முடிந்துவிடும். 1960-களில் இந்தத் தூண்கள் ஆட்டம் கண்டன. வோல்கர்ஸே கட்டுப்பாடு மிகுந்த கால்வினிஸ்ட் குடும்பத்தில், பைபிள் வாசிப்புக்கு நடுவே வளர்ந்தவர். அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தவரின் மூச்சு நாவலில் கேட்கும், படத்திலும் கேட்கும்.

கதை சுருக்கம்தான். எரிக் ஒரு சிற்பி. வோல்கர்ஸும் சிற்பி என்பதால், இது சொந்தக் கதையோ என்று வாசகர்கள் குசுகுசுத்ததில் வியப்பில்லை. எரிக் லிஃப்ட் கேட்டுச் சாலையோரம் கட்டைவிரலை நீட்டி நிற்கிறான். செம்பட்டை முடிக்காரி ஓல்கா காரை நிறுத்தி ஏற்றிக்கொள்கிறாள். அன்றே காதல், அன்றே கார் விபத்து. ஓல்காவின் அம்மாவுக்கு இந்த மாப்பிள்ளை ஆகவே ஆகாது. அப்பாவோ வெகுளி, வாய்விட்டுச் சிரிக்கிற மனிதர். கல்யாணம் நடக்கிறது, பிறகு உடைகிறது.

எரிக்காக நடித்தவர் ருட்கர் ஹவர். 'பிளேட் ரன்னர்' பார்த்தவர்கள் மழையில் நனைந்தபடி சாகும் அந்த வெள்ளை முடிக்காரரை மறந்திருக்க மாட்டீர்கள். ஓல்கா, மோனிக் வான் டி வென். அவருக்கு இதுதான் முதல் படம். ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் எரிக் சைக்கிள் மிதிக்க, ஓல்கா உடன் தொற்றிக்கொண்டு போகும் காட்சி ஒன்று வருகிறது. ஒளிப்பதிவாளர் யான் டி பான்ட்டின் கேமரா அவர்களை விடாமல் தொடர்கிறது. பாட்டுக்காக ஜோடியை வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. தினம் நடந்துபோகிற தெருவிலேயே இரண்டு பேர் ஊருக்கு அஞ்சாமல் சிரித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு மற்ற துணிச்சல்களைவிட இதுதான் பெரிய துணிச்சலாகப் படுகிறது.

பின்னணியில் மவுத் ஆர்கன். வாசித்தவர் பெல்ஜியத்துக்காரர் டூட்ஸ் தீல்மன்ஸ், இசையமைத்தவர் ரோகியர் வான் ஆட்டர்லோ. சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிற வாத்தியம் அது. அதற்குள் இவ்வளவு ஏக்கத்தை எப்படி அடைத்தார்களோ!

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். படம் முழுக்க எரிக்கின் கண்ணால்தான் நகர்கிறது. ஓல்கா ஏன் பிரிந்து போகிறாள் என்று கேட்டால், அம்மாவைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவள் மனதுக்குள் என்ன ஓடியது என்று படம் உட்கார்ந்து கேட்கவே இல்லை. எரிக் மற்ற பெண்களிடம் நடந்துகொள்ளும் விதம் இன்று பார்க்கையில் முகம் சுளிக்க வைக்கிறது. அன்றைக்கு அதற்கும் விடுதலை என்றே பெயர் சொன்னார்கள்.

ஆனால் கடைசிப் பகுதி வேறு. ஓல்காவுக்கு மூளையில் கட்டி. பிரிந்த கணவன் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது: கெட்டியாக எதையாவது கடித்தால் பல் எல்லாம் உதிர்ந்துவிடும் என்று. சாப்பிட மறுக்கிறாள். எரிக் அந்த மெத்து மிட்டாயை வாங்கிவந்து ஊட்டுகிறான். தலைப்பு அங்கேதான் அவிழ்கிறது. முதல் பாதியில் ஆசையோடு தொட்ட அதே உடம்பை, இப்போது பணிவிடை செய்கிற கையால் தொடுகிறான். முன்னே அவ்வளவு வெளிப்படையாகக் காட்டியிராவிட்டால் இந்த இடம் இப்படி வலித்திருக்காது. கிளுகிளுப்புக்காக வந்த கூட்டத்தை வெர்ஹூவன் பிடித்துவைத்து அழவிட்டது இங்கேதான்.

படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. வெளிநாட்டுப் படத்துக்கான பரிசு அந்த ஆண்டு பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவின் 'டே ஃபார் நைட்'டுக்குக் கிடைத்தது. 1999-ல் நெதர்லாந்துத் திரைப்பட விழா இதை நூற்றாண்டின் சிறந்த டச்சுப் படமாகத் தேர்ந்தெடுத்தது. வெர்ஹூவன், ஹவர், டி பான்ட் மூவரும் அமெரிக்காவுக்குப் போனார்கள். 'ஸ்பீட்' படத்தை இயக்கியவர் அந்த ஒளிப்பதிவாளர்தான்.

படத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். மொட்டையடித்த ஓல்காவின் தலைக்கு எரிக் ஒரு செம்பட்டை விக் வாங்கிக் கொடுத்திருப்பான். அவள் இறந்த பிறகு அந்த விக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருகிறான். குப்பை லாரி ஒன்று நிற்கிறது. அதற்குள் எறிந்துவிட்டு நடக்கிறான். மவுத் ஆர்கன் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கிறது.